சீதனத்தைத் தருமமாக்கிய கன்னிகை: சிராக்கூசா நகரின் புனித லூசியம்மாள்



கொழும்பு கொட்டாஞ்சேனைக்குப் போனவர்கள் அங்கே ஓங்கி நிற்கும் பேராலயத்தைக் காணாமல் திரும்பியிருக்க மாட்டார்கள். கொழும்பு அதிமேற்றிராசனத்தின் தலைமைக் கோவிலாகிய அது புனித லூசியம்மாளின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்கே முழந்தாளிட்டுச் செபித்தவர்களும் மெழுகுதிரி கொளுத்தியவர்களும் நம்மவருள் ஏராளம். ஆயினும், இந்த லூசியம்மாள் யார், எந்த ஊரவள், எதற்காக உயிரைக் கொடுத்தாள் என்று வீட்டிலே ஒரு பிள்ளை கேட்டால், நம்மில் எத்தனை பேரால் விடை சொல்ல முடியும்? கையிலே ஒரு தட்டு, தட்டிலே இரண்டு கண்கள், கண் நோய் கண்டால் அவளிடம் வேண்டிக்கொள்ள வேண்டும். அநேகருக்குத் தெரிந்தது இவ்வளவே.

உள்ளதைச் சொன்னால், அவளைப் பற்றிய மிகப் பழைய வரலாற்றில் அந்தக் கண்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அங்கே சொல்லப்படுவது வேறொன்று. ஒரு விதவைத் தாய், அவளுடைய ஒரே மகள், அந்த மகளுக்கென்று ஒதுக்கி வைத்த சீதனம். நம் வீடுகளில் இரவு வேளைகளில் தாயும் தகப்பனும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் அதே விடயந்தான். ஆகவே இவ்வாரம் உங்களை அவளுடைய சொந்த ஊருக்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். மனத்தால் என்னோடு கூட வாருங்கள்.

கடலோரத்துப் பழைய நகர்

இத்தாலி நாட்டின் படத்தை எடுத்துப் பாருங்கள். நீண்ட சப்பாத்தைப் போலக் கிடக்கும் அந்த நாட்டின் கால்விரல் நுனியிலே, மத்தியதரைக் கடலின் நடுவே, முக்கோண வடிவில் ஒரு பெருந்தீவு இருக்கின்றது. அதுவே சிசிலி. அத்தீவின் தென்கிழக்குக் கரையிலே அமைந்தது சிராக்கூசா நகர். நகரின் மிகப் பழைய பகுதி ஓர்த்திஜா என்னும் சிறு தீவு. பாலத்தைக் கடந்து உள்ளே சென்றால், ஒடுங்கிய ஒழுங்கைகள், வெளிர்மஞ்சள் கல்லால் கட்டிய வீடுகள், எந்த ஒழுங்கையின் முடிவிலும் கடல். கடலுக்கு மிக அண்மையிலே ஒரு நன்னீர் ஊற்று இருக்கின்றது. அரேத்தூசா என்பது அதன் பெயர். முற்காலத்து மக்கள் எழுதுவதற்குப் பயன்படுத்திய பாப்பிரஸ் நாணல் அந்தத் தடாகத்தில் இன்றும் பச்சைப் பசேலென்று வளர்ந்து நிற்கின்றது.

கி.மு. 734ஆம் ஆண்டளவில் கொரிந்து நகரத்துக் கிரேக்கர் வந்து இந்த ஊரை அமைத்தனர். கணித மேதை ஆர்க்கிமிடீஸ் பிறந்ததும் இங்கேதான், கி.மு. 212இல் உரோமைப் படைகள் நகரைக் கைப்பற்றியபோது ஒரு போர்வீரனின் வாளுக்கு இரையானதும் இங்கேதான். நமக்கு இவற்றிலும் பெரிய செய்தி ஒன்றுண்டு. புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்படுகையில், மால்ட்டாத் தீவின் அருகே கப்பல் உடைந்து, அங்கே மூன்று மாதம் தங்கி, பின்பு வேறொரு கப்பலில் ஏறி வந்து இறங்கிய முதல் துறைமுகம் இந்தச் சிராக்கூசாதான். அங்கே மூன்று நாள் தங்கியதாக அப்போஸ்தலர் பணி நூலின் இறுதி அதிகாரம் கூறுகின்றது. அது கி.பி. 60ஆம் ஆண்டளவிலே நடந்தது.

இனி ஊரின் நடுவிலுள்ள பேராலயத்துக்கு வாருங்கள். வெளியே நின்று பார்த்தால் 18ஆம் நூற்றாண்டின் அலங்கார முகப்பு. 1693ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியில் பழையது சேதமுற்றபின் எழுப்பியது அது. உள்ளே கால் வைத்ததும் வியப்பு நம்மைப் பிடித்துக்கொள்ளும். இருபுறத்துச் சுவர்களிலும் பிரமாண்டமான கற்றூண்கள் பாதி புதைந்தும் பாதி வெளித்தெரிந்தும் நிற்கின்றன. அவை கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அத்தேனா தேவதைக்கு எழுப்பிய கோவிலின் தூண்கள். கிறிஸ்தவர்கள் அக்கோவிலை இடித்துத் தள்ளவில்லை. தூண்களுக்கு இடையே சுவர் வைத்து, உட்சுவர்களில் வளைவுகளை வெட்டி, 7ஆம் நூற்றாண்டில் அதையே ஆண்டவரின் ஆலயமாக ஆக்கிக்கொண்டார்கள். இன்றும் அங்கே திருப்பலி நடைபெறுகின்றது. லூசியம்மாள் தன் சிறுவயதில் இந்தத் தூண்களைக் கடந்து நடந்திருப்பாள். அவள் காலத்தில் அவை அத்தேனாவின் பலிபீடத்தைச் சூழ்ந்து நின்றன. அப்பேர்ப்பட்ட பலிபீடங்களில் தூபமிட மறுத்ததற்காகவே அவள் உயிர் பறிக்கப்பட்டது. அவளை வெறுத்த உலகத்தின் தூண்கள் இன்று அவளுடைய திருநாளைத் தாங்கி நிற்கின்றன.

கல்லறைக் கல்லின் சாட்சி

வரலாற்றைச் சொல்லுமுன் ஒரு நேர்மையான வார்த்தை. லூசியம்மாளின் வேதசாட்சிய வரலாறு 5ஆம் நூற்றாண்டில், அதாவது அவள் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே, எழுத்தில் வந்தது. அதிலே நடந்த செய்தியும் மக்களின் பக்தியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொரு விபரத்தையும் நீதிமன்றத்துப் பதிவுபோல எடுத்துக்கொள்ளும்படி திருச்சபை நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை.

ஆனால், அப்படி ஒருத்தி வாழவேயில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. 1894ஆம் ஆண்டில் பாவுலோ ஓர்சி என்னும் அகழ்வாராய்ச்சி அறிஞர் சிராக்கூசாவின் புனித அருளப்பர் நிலத்தடிக் கல்லறைகளில் கிரேக்க எழுத்துப் பொறித்த ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 25 வயதில் இறந்துபோன எவுஸ்கியா என்னும் தன் மனைவிக்கு ஒரு கணவன் வைத்த நினைவுக் கல் அது. தன் மனைவி லூசியம்மாளின் திருநாளன்று இறந்தாள் என்பதை அவன் அதிலே பெருமையோடு பொறித்திருக்கிறான். அக்கல் 4ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது என்பது அறிஞர் கருத்து. ஆக, அவள் இறந்து ஒரு நூற்றாண்டளவிலேயே அவளுடைய ஊரார் அவளுக்குத் திருநாள் கொண்டாடினார்கள். மனைவியை இழந்த ஓர் எளிய மனிதன், தன் துயரத்தின் நடுவே அவளுடைய திருநாளை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டான். இதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்?

தாயும் மகளும்

லூசியம்மாள் 3ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலத்தில் சிராக்கூசாவின் வசதி படைத்த குடும்பமொன்றில் பிறந்தாள். தகப்பனார் அவள் சிறுபிள்ளையாய் இருக்கும்போதே இறந்துபோனார். தாயின் பெயர் எவுத்திக்கியா. தனித்து நின்ற அந்தத் தாய்க்கு உலகில் இருந்தது இந்த ஒரு மகள்தான். மகளுக்குத் தக்க இடத்தில் கலியாணம் பேசி வைத்தாள். மாப்பிள்ளை நல்ல குடும்பத்தவன். ஆனால் கிறிஸ்தவன் அல்லன். சீதனமாகக் காணியும் நகையும் பொருளும் ஒதுக்கி வைத்திருந்தாள். மகளோ தன் கன்னிமையை ஆண்டவருக்கே அர்ப்பணிப்பதாக மனத்துக்குள் வாக்குக் கொடுத்திருந்தாள். அதைத் தாயிடம் சொல்லும் துணிவு அவளுக்கு இன்னும் வரவில்லை.

தாயைப் பல காலமாகப் பெரும்பாடு நோய் வாட்டி வந்தது. வைத்தியர்களுக்குப் பணம் செலவானதே தவிர நோய் தீரவில்லை. சிராக்கூசாவுக்கு வடக்கே, அறுபது கிலோமீற்றர் அளவு தூரத்தில், எத்னா எரிமலையின் அடிவாரத்தில் உள்ளது கத்தானியா நகர். அங்கே 251ஆம் ஆண்டில் வேதசாட்சியாக மரித்த புனித ஆகத்தம்மாளின் கல்லறைக்குத் திரளான மக்கள் யாத்திரை போவது வழக்கம். மகள் தாயை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு அங்கே போனாள். கரையோரமாக அந்த நீண்ட வழியை நோயாளித் தாயோடு கடப்பது எளிதான காரியமாக இருந்திராது.

அவர்கள் போய்ச் சேர்ந்த அன்று பூசையில் வாசிக்கப்பட்ட சுவிசேஷப் பகுதி, பன்னிரண்டு வருடம் பெரும்பாட்டினால் வருந்திய பெண் ஆண்டவருடைய ஆடையின் ஓரத்தைத் தொட்டுச் சுகமடைந்த வரலாறு. தாயும் மகளும் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மக்கள் கலைந்து போனபின் இருவரும் கல்லறையருகே தங்கிச் செபித்தார்கள். களைப்பினால் மகள் கண்ணயர்ந்தாள். கனவிலே ஆகத்தம்மாள் தோன்றினாள். தாயின் பொருட்டு நீயே ஆண்டவரிடம் பெற்றுக்கொள்ளக் கூடியதை என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று வினவி, உன் விசுவாசத்தினால் தாய் ஏற்கெனவே சுகமடைந்தாள் என்றும், கத்தானியாவுக்கு என்னால் வந்த மகிமை சிராக்கூசாவுக்கு உன்னால் வரும் என்றும் அறிவித்து மறைந்தாள். மகள் விழித்துப் பார்த்தபோது தாய் சுகமாயிருந்தாள்.

சீதனப் பேச்சு

வாசகர்களே, இனி வருவதே இந்த வரலாற்றின் உயிர்நாடி.

சுகமடைந்த தாய் மகிழ்ச்சியில் திளைத்திருந்த அந்த நேரத்தில் மகள் தன் மனத்திலிருந்ததை வெளியிட்டாள். கலியாணப் பேச்சை விட்டுவிடும்படியும், தனக்கென்று வைத்திருந்த சீதனத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படியும் கேட்டாள். தாய் திடுக்கிட்டாள். கல் மனம் கொண்டவளல்ல அவள். விதவையாக நின்று, கணவன் விட்டுச் சென்றதில் ஒரு காசும் குறையவிடாமல் காத்துப் பெருக்கியவள். ஆகையால் ஒரு நடுவழி சொன்னாள். தான் கண்மூடும் வரைக்கும் பொருள் இருக்கட்டும், அதன்பின் மகள் விரும்பியதைச் செய்யலாம் என்றாள்.

நியாயமான பேச்சாகத்தான் நமக்கும் படுகிறது. மகள் அதற்கு இணங்கவில்லை. சாகும்போது கொடுப்பவன், தன்னோடு கொண்டுபோக முடியாததையே கொடுக்கிறான், அதில் ஆண்டவருக்கு என்ன காணிக்கை இருக்கின்றது, கையில் வைத்து அனுபவிக்கக்கூடிய காலத்தில் கொடுப்பதே கொடை என்று பணிவாக எடுத்துச் சொன்னாள். சற்று முன்னர்தான் சாவின் வாயிலிலிருந்து மீண்ட தாய்க்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. அவள் உடன்பட்டாள்.

ஊருக்குத் திரும்பிய இருவரும் காணியையும் நகையையும் ஒவ்வொன்றாக விற்கத் தொடங்கினார்கள். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஊரற்றவர்களுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. செய்தி மாப்பிள்ளையின் காதுக்கு எட்டியது. அவன் செவிலித்தாயிடம் விசாரித்தான். அவளோ கெட்டிக்காரி. உன் பெண் இதைவிடச் சிறந்த ஆதனமொன்றைக் கண்டுவிட்டாள், அதை வாங்கத்தான் இவற்றை விற்கிறாள் என்று மறுமொழி கொடுத்தாள். அதை நம்பிய மாப்பிள்ளை, வருகிற ஆதனம் தனக்குத்தானே என்று எண்ணித் தானும் முன்னின்று விற்பனைக்கு உதவி செய்தானாம். வரலாற்றை எழுதியவர் இதைச் சிரிப்போடுதான் எழுதியிருக்க வேண்டும். கடைசியில் எல்லாம் விற்றாயிற்று, வாங்கிய ஆதனமோ பரலோகத்தில் என்று தெரிந்ததும் அவனுடைய அன்பு ஒரே நாளில் பகையாக மாறிற்று. அவன் விரும்பியது யாரை, எதை என்பது அப்போதுதான் வெளியாயிற்று.

விசாரணையும் மரணமும்

அக்காலம் தியோக்கிளேசியன் சக்கரவர்த்தியின் காலம். 303ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிறிஸ்தவருக்கு எதிரான முதற் கட்டளை பிறந்தது. கோவில்கள் இடிக்கப்பட்டன, வேதநூல்கள் எரிக்கப்பட்டன. 304இல் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டுமென்ற கட்டளையும் வந்தது. மாப்பிள்ளைக்கு அது நல்ல ஆயுதமாயிற்று. லூசியம்மாள் கிறிஸ்தவள் என்று பஸ்காசியுஸ் என்னும் தேசாதிபதியிடம் காட்டிக்கொடுத்தான்.

பலியிடும்படி தேசாதிபதி கட்டளையிட்டான். ஏழைகளையும் திக்கற்றவர்களையும் அவர்களுடைய துன்பத்தில் ஆதரிப்பதே ஆண்டவருக்கு ஏற்ற பலி, அதை நான் செய்து முடித்துவிட்டேன், இனிக் கொடுப்பதற்கு என்னிடம் மிஞ்சியிருப்பது நான் மட்டுமே என்பது அவள் மறுமொழியின் சாரம். பயமுறுத்தியும் பணியாதவளை விபசார விடுதிக்கு இழுத்துச் செல்லும்படி அவன் உத்தரவிட்டான். அதற்கும் அவள் கலங்கவில்லை. மனம் இணங்காமல் உடல் தீட்டுப்படாது என்றும், பலவந்தம் செய்தாலும் தன் கன்னிமையின் முடி இரட்டிப்பாகுமேயன்றிக் குறையாது என்றும் அவள் அறிவித்தாள். பல நூற்றாண்டுகளின் பின் புனித தோமஸ் அக்குவினாஸ் இந்தக் கருத்தைத் தம் பெருநூலில் எடுத்தாண்டிருக்கிறார். பலவந்தத்துக்கு ஆளான பெண்ணைக் குற்றவாளிபோலப் பார்க்கும் ஊர் எதுவானாலும், அந்த ஊர் லூசியம்மாளிடம் பாடம் கேட்க வேண்டும். அவமானம் செய்தவனுக்கே உரியது. அவளிடத்தில் ஒரு மாசும் இல்லை.

காவலர் அவளை இழுத்தார்கள், அவள் அசையவில்லை. கயிறு கட்டிப் பலர் இழுத்தார்கள், எருதுகளைப் பூட்டி இழுத்தார்கள், அப்போதும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள் என்று வரலாறு கூறுகின்றது. சுற்றிலும் நெருப்பு மூட்டினார்கள். அதுவும் அவளைத் தீண்டவில்லை. கடைசியில் வாளை அவள் தொண்டையில் பாய்ச்சினார்கள். உயிர் பிரியுமுன் திருச்சபைக்குச் சமாதானம் வருமென்று அவள் முன்னறிவித்தாள். அது 304ஆம் ஆண்டு டிசெம்பர் 13ஆம் திகதி. அடுத்த ஆண்டே தியோக்கிளேசியன் பதவி துறந்தான். ஒன்பது ஆண்டுகளுக்குள், 313இல், கொன்ஸ்தாந்தீன் சக்கரவர்த்தியின் காலத்தில் கிறிஸ்தவருக்கு விடுதலை கிடைத்தது.

திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டைக் கவனமாகக் கேட்டிருக்கிறீர்களா? அதிலே வேதசாட்சிகளான பெண்களின் பெயர்கள் வரும் இடத்தில் ஆகத்தம்மாளும் லூசியம்மாளும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். கத்தானியாவின் கல்லறையருகே கனவில் சந்தித்த இருவரும் இன்றும் பீடத்தருகே சேர்ந்து நினைவுகூரப்படுகிறார்கள்.

அப்படியானால் அந்தக் கண்கள்?

இலத்தீன் மொழியில் ஒளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது லூசியா என்னும் பெயர். ஒளி என்றதும் மக்கள் கண்ணை நினைத்தார்கள். அவளுடைய கண்களின் அழகில் மயங்கியவனுக்கு அவற்றைத் தானே பிடுங்கிக் கொடுத்தாள் என்ற கதை மத்திய காலத்தின் பிற்பகுதியில் பரவியது. ஓவியர்கள் அவள் கையில் கண்கள் வைத்த தட்டைக் கொடுத்தார்கள். பார்வைக்காக அவளிடம் மன்றாடும் பழக்கம் நல்லதே. அதை விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்காக மட்டும் அவளிடம் போய், அவள் கொடுத்த சீதனத்தை மறந்துவிடுவோமானால், அவளிடம் கேட்க வேண்டிய பெரிய வரத்தைக் கேளாமலே திரும்புகிறோம்.

வெறுமையான கல்லறை

ஓர்த்திஜாவை விட்டுப் பாலத்தைக் கடந்து நகரின் மறுபக்கத்துக்குப் போனால், அவள் புதைக்கப்பட்ட இடத்தில் ஒரு கோவில் உண்டு. நிலத்தின் கீழே அவளுடைய கல்லறை. இந்தக் கோவிலுக்காக 1608ஆம் ஆண்டில், மால்ட்டாச் சிறையிலிருந்து தப்பி வந்த ஓவியர் கரவாஜ்ஜோ, அவளுடைய அடக்கச் சடங்கைப் பெரிய படமாக வரைந்தார். படத்தின் மேற்பாதி முழுவதும் வெறும் சுவர். முன்னே குழி வெட்டும் இரண்டு பருத்த மனிதர். அவர்களுக்கு நடுவே, தரையிலே, சிறியதாக அந்தப் பெண்ணின் உடல். சுற்றி நிற்பவர்கள் அழுகிறார்கள். ஒளிவட்டமும் ஆடம்பரமும் இல்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவளின் அடக்கச் சடங்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

கல்லறை இன்று வெறுமையாக இருக்கின்றது. 11ஆம் நூற்றாண்டில் கிழக்குச் சக்கரவர்த்தியின் தளபதி மனியாக்கேஸ் அவளுடைய உடலைக் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குக் கொண்டுபோனான் என்றும், 1204இல் அந்நகரைச் சூறையாடிய சிலுவைப் போர்வீரரோடு அது வெனிஸ் நகருக்கு வந்தது என்றும் பாரம்பரியம் சொல்கின்றது. வெனிஸில் அவளுக்கென்று இருந்த கோவிலை 1861இல் புகையிரத நிலையத்துக்காக இடித்தார்கள். நிலையத்துக்கு அவள் பெயரே நிலைத்துவிட்டது. உடல் அருகிலுள்ள புனித எரேமியா கோவிலில் வைக்கப்பட்டது. 1981 நவெம்பரில் திருடர் அதைக் களவெடுத்துப் போயினர். ஊர் முழுதும் துயரத்தில் ஆழ்ந்திருக்க, சரியாக அவளுடைய திருநாளான டிசெம்பர் 13ஆம் திகதி அது மீண்டும் கிடைத்தது. 2004ஆம் ஆண்டில், அவள் மரித்த 1700ஆம் ஆண்டு நிறைவின்போது, அந்த உடல் சில நாட்களுக்குச் சிராக்கூசாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நூற்றாண்டுகளாய்ப் பிரிந்திருந்த மகள் வீட்டுக்கு வந்ததுபோல ஊரே அவளை எதிர்கொண்டது.

ஊர் கொண்டாடும் திருநாள்

ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் 13இல் பேராலயத்துச் சிற்றாலயத்தின் கதவு திறக்கப்படுகின்றது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளியாற் செய்த அவளுடைய சுரூபம் வெளியே வருகின்றது. தொண்டையில் ஒரு கத்தி பதிந்திருக்கின்றது. பச்சைத் தொப்பி அணிந்த ஆடவர் தோளிலே அதைச் சுமந்து, ஓர்த்திஜாவின் ஒழுங்கைகளினூடே கல்லறைக் கோவிலுக்குக் கொண்டு செல்கிறார்கள். மெழுகுதிரி ஏந்திய மக்கள் வெறுங்காலோடு நடந்து போகிறார்கள். எட்டாம் நாளில் சுரூபம் மீண்டும் பேராலயத்துக்குத் திரும்புகின்றது.

அன்றைய தினம் சிசிலி வீடுகளில் பாணும் மாவுணவும் உண்பதில்லை. முழுக் கோதுமையை அவித்தே உண்பார்கள். காரணம் இது: 1646ஆம் ஆண்டில் தீவில் கொடிய பஞ்சம். மக்கள் லூசியம்மாளை நோக்கி மன்றாடியபோது தானியம் ஏற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. பசியினால் வாடிய மக்கள் மாவரைக்கும் மட்டும் பொறுக்க மாட்டாமல் கோதுமையை அப்படியே அவித்து உண்டார்களாம். தன் சீதனத்தால் ஏழைகளின் பசி தீர்த்தவள், 13 நூற்றாண்டுகளின் பின்னும் தன் ஊராரின் பசியை மறக்கவில்லை என்றே அவர்கள் நம்புகிறார்கள்.

நம் வீடுகளுக்கு ஒரு சொல்

அன்பான பெற்றோரே, யாத்திரை முடிந்து வீடு திரும்பிவிட்டோம். இனி நம் வீட்டைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

நம் பிள்ளைகள் அனைவரும் கலியாணத்தைத் துறக்க வேண்டுமென்று லூசியம்மாளின் வாழ்வு சொல்லவில்லை. திருமணம் ஆண்டவர் ஏற்படுத்திய தேவதிரவிய அனுமானம். பிள்ளைக்கு வாழ்வு அமைத்துக் கொடுக்க நினைக்கும் தாய் தகப்பனின் ஆசையும் பரிசுத்தமானதே. ஆனால் நம் நடுவில் அந்த ஆசை என்னவாக மாறிவிட்டது என்பதை நீங்களே அறிவீர்கள். கலியாண அறிக்கை கோவிலில் வாசிக்கப்படுமுன் எத்தனை வீட்டுக் காணிகள் ஈடு வைக்கப்படுகின்றன! அக்காவின் சீதனத்துக்காக வெளிநாட்டில் வருடக்கணக்காய் உழைத்துத் தன் வாழ்வைத் தள்ளிப்போட்ட தம்பிமார் எத்தனை பேர்! பேசிய தொகை சேராததால் முப்பதைத் தாண்டியும் திண்ணையில் காத்திருக்கும் நல்ல பிள்ளைகள் எத்தனை பேர்! பீடத்தின் முன் நின்று இரு மனங்களின் சம்மதத்தைக் கேட்கும் குருவானவருக்கு, அதற்கு முன் வீட்டு மேசையில் எண்ணப்பட்ட தொகை தெரிவதில்லை. ஆண்டவருக்குத் தெரியும்.

சிராக்கூசாவின் மாப்பிள்ளையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஆதனம் வருகிறது என்று எண்ணிய வரைக்கும் அன்பாய் இருந்தான். ஆதனம் போனதும் பெண்ணைக் கொலைக்களத்துக்கு அனுப்பினான். ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் தங்கள் மகனிடம் கேட்டுப் பார்க்கட்டும்: காணியும் நகையும் இல்லாவிட்டாலும் இந்தப் பிள்ளையைக் கைப்பிடிப்பாயா என்று. அதற்கு அவன் சொல்லும் விடையில் அவனுடைய விசுவாசமும் தெரியும், வளர்த்தவர்களின் விசுவாசமும் தெரியும்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு எவுத்திக்கியாவின் உதாரணம் உண்டு. திருச்சபை மகளைப் பீடத்தில் வைத்துப் போற்றுகின்றது. ஆனால் அந்தத் தாய் இணங்கியிராவிட்டால் சிராக்கூசாவின் ஏழைகள் ஒருவேளைச் சோற்றையும் கண்டிருக்க மாட்டார்கள். வாழ்நாளெல்லாம் சேர்த்ததை விட்டுக்கொடுக்க அவளுக்கு எவ்வளவு வேதனையாய் இருந்திருக்கும்! இருந்தும் மகளின் மனத்தைக் கேட்டாள், கேட்டபடி செய்தாள். தேவ அழைத்தலை உணர்ந்த பிள்ளை அதைச் சொல்லத் துணிவின்றி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். சீதனம் கேட்கிற இடம் தனக்கு வேண்டாம் என்று சொல்ல நினைத்தும் வாய் திறவாமல் இருக்கலாம். அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்; முதலில் அவளைப் பேச விடுங்கள்.

வருகிற டிசெம்பர் 13ஆம் திகதி வீட்டிலே ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். கண் நோயுள்ளவர்களுக்காக மன்றாடுங்கள். அதன்பின், உங்கள் பங்கிலே வறுமையினால் கலியாணம் தடைப்பட்டு நிற்கும் பிள்ளை ஒருத்தியை நினைத்து, சாகும்போது கொடுக்கலாம் என்று எண்ணியிருந்ததில் ஒரு பகுதியை இப்போதே, பெயர் சொல்லாமல், கொடுத்துவிடுங்கள். அந்த மெழுகுதிரியின் ஒளியிலே நம்முடைய கண்களும் திறக்கும்.